எந்த ரோடு, எந்த போர்டு? புதுச்சேரியில் பேருந்து பிடிக்கும் முறை

புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் பேருந்துகள் ஐந்து சாலைகளில் பிரிகின்றன. தெற்கே கடலூர் சாலை, மேற்கே விழுப்புரம் சாலை, வடமேற்கே வழுதாவூர் சாலை, வடக்கே திண்டிவனம் சாலை, கடலை ஒட்டிச் சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. தட்டாஞ்சாவடிக் குடியிருப்புக்காரரானாலும், வெளியூரிலிருந்து ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் நோயாளியானாலும், போக வேண்டிய இடம் இந்த ஐந்தில் எதில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வண்டியின் நெற்றியில் உள்ள பலகையைப் படிப்பதும், நடத்துநரிடம் இறங்கும் இடத்தைச் சரியாகச் சொல்வதும் மீதிப் பாதி.

சென்னையில் 21ஜி, 27டி என்று எண்ணைச் சொன்னாலே பேருந்து எங்கே போகும் என்பது பலருக்குத் தெரியும். புதுச்சேரியில் எண்ணுக்கு அந்த மவுசு இல்லை. ‘பாகூர் வண்டி’, ‘திருக்கனூர் வண்டி’, ‘காலாப்பட்டு வண்டி’ என்று கடைசி ஊரின் பெயரே பேருந்தின் பெயர். அதனால் புதிதாக வருபவர் எண்ணைத் தேடுவதைவிட, கடைசி ஊரையும் இடையில் வரும் ஊர்களையும் கேட்டு வைத்துக்கொள்வதே பலன் தரும்.

எல்லை தாண்டி எல்லை

ஒன்றியப் பிரதேசமான புதுச்சேரிக்கு நான்கு பகுதிகள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். இவற்றுள் பெரியதான புதுச்சேரிப் பகுதியின் பரப்பு 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வெவ்வேறு காலங்களில் பெற்ற கிராமங்கள் அப்படியே ஒரு நிர்வாகமாகத் தொடர்ந்ததன் விளைவு இது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. எல்லைக்கோடுகள் மட்டும் மாறவில்லை.

இந்த அமைப்பைப் பேருந்தின் சன்னலோரத்திலிருந்தே பார்க்கலாம். விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் கண்டமங்கலம் வரும், அது தமிழ்நாடு. சற்று தூரத்தில் திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. அதற்கடுத்த வளவனூர் மீண்டும் தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இதே கதைதான். நகரை ஒட்டிய கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டி வரும் காலாப்பட்டு புதுச்சேரி. அரை மணி நேரப் பயணத்தில் கடைப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் மாவட்டத்தின் பெயர் இரண்டு மூன்று முறை மாறிவிடும்.

1954-க்கு முன் இந்த எல்லைகளில் சுங்கச் சோதனை நடந்தது. இன்று வண்டி நிற்காமல் போகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லை இன்னும் எல்லையாகவே இருக்கிறது. புதுச்சேரியில் விலை குறைவு என்று வாங்கிய மதுப்புட்டிகளைப் பையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் போவது குற்றம். மதுவிலக்குப் போலீசார் எல்லையில் பேருந்துகளையும் நிறுத்திச் சோதிப்பதுண்டு.

யாருடைய வண்டி?

நிலையத்தில் நிற்கும் வண்டிகள் நான்கு வகை. முதலாவது, புதுச்சேரி அரசின் சாலைப் போக்குவரத்துக் கழகம், ஊர்வழக்கில் பி.ஆர்.டி.சி. தொடக்கத்தில் சுற்றுலாவும் போக்குவரத்தும் ஒரே கழகத்தின் கீழ் இருந்தன. பின்னர் போக்குவரத்துக்கென்று தனிக் கழகம் வந்தது. இரண்டாவது, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். 1975-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கியது இதுதான். 1997-இல் தமிழ்நாட்டுக் கழகங்களின் பெயர்களெல்லாம் மாற்றப்பட்டபோது இன்றைய பெயரைப் பெற்றது. மூன்றாவது, தொலைதூரம் போகும் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம். நான்காவது, தனியார் வண்டிகள். நகரப் பேருந்துகளில் இவற்றின் ஆட்சியே பெரிது. பாட்டும் ஏர் ஹாரனும் கண்ணாடி முழுக்கச் சாமி பெயருமாக வருபவை இவை.

யாருடைய வண்டி என்பதைப் பதிவெண்ணே காட்டிக்கொடுத்துவிடும். பி.ஒய். 01 என்று தொடங்கினால் புதுச்சேரியில் பதிவானது; பி.ஒய். 02 காரைக்கால். டி.என். 32 விழுப்புரம்; டி.என். 31 கடலூர். இதைக் கவனிப்பதில் பயன் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பேருந்துக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தந்த அரசுக்கு உரியது. ஆகவே கட்டணச் சலுகைகளும் அரசுக்கு அரசு வேறுபடும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் தமிழ்நாடு அரசின் திட்டம். அந்த வழக்கத்தில் புதுச்சேரித் தனியார் வண்டியில் ஏறிவிட்டுச் சீட்டு வேண்டாம் என்று சொன்னால் நடத்துநர் ஒப்புக்கொள்ள மாட்டார். சலுகை உண்டா என்று ஏறும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு ஆட்சிகளின் மண்ணில் ஒரே வண்டி ஓடுவதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. வழியில் ஆட்களை ஏற்றி இறக்கி, தனித்தனிக் கட்டணம் வாங்கும் வண்டிக்கு நிலைப்பேருந்து அனுமதி தேவை. ஓர் அரசு கொடுத்த அனுமதி அடுத்த அரசின் எல்லைக்குள் செல்லுபடியாக அங்கே மேலொப்பம் பெற வேண்டும். எந்தத் தடத்தில் யாருக்கு எத்தனை வண்டி என்பதை இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்கின்றன. கடலூர், விழுப்புரம் தடங்களில் இரு அரசு வண்டிகளும் தனியார் வண்டிகளும் மாறி மாறி வருவது இதனால்தான்.

நிலையமும் இரண்டு சிலைகளும்

பேருந்து நிலையம் மறைமலையடிகள் சாலையில் இருக்கிறது. பழக்கத்தில் ‘புது பஸ் ஸ்டாண்டு’. பொலிவுறு நகரத் திட்டத்தில் இதை இடித்துக் கட்டியபோது வண்டிகள் கடலூர் சாலையில் உள்ள ஏ.எஃப்.டி. மில் திடலிலிருந்து ஓடின. 2025-இல் ராஜீவ் காந்தி பேருந்து முனையம் என்ற பெயரில் பழைய இடத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ரயில் நிலையம் தனியே சுப்பையா சாலைப் பக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஆட்டோவோ டெம்போவோ பிடிக்க வேண்டும்.

நிலையத்துக்குள் வண்டிகள் ஊர்வாரியாக நிற்கும். சென்னைக்கு ஒரு வரிசை, கடலூர், சிதம்பரம் பக்கம் ஒரு வரிசை, விழுப்புரம் பக்கம் ஒரு வரிசை, நகரப் பேருந்துகளுக்குத் தனி இடம். எந்த வண்டி முதலில் கிளம்பும் என்பதை நேரக் காப்பாளரைக் கேட்டால் தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக அந்த வண்டிதான் முதலில் போகும் என்று நம்ப முடியாது. நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டே இருப்பார். முன்னால் நிற்கும் வண்டியின் நேரம் முடிந்த பிறகே அவருடைய முறை வரும்.

நகரின் பேருந்துப் போக்குவரத்து முழுவதும் இரண்டு சந்திப்புகளைச் சுற்றி நடக்கிறது. ஒன்று இந்திரா காந்தி சதுக்கம்; விழுப்புரம் சாலை இங்கிருந்து மேற்கே பிரிகிறது. மற்றொன்று ராஜீவ் காந்தி சதுக்கம். காமராஜர் சாலை, வழுதாவூர் சாலை, திண்டிவனம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் கூடும் இடம். இரண்டையும் நூறடிச் சாலை இணைக்கிறது. பேருந்தில் யாரும் ‘சதுக்கம்’ என்று கேட்பதில்லை. ‘இந்திரா காந்தி சிலை ஒண்ணு’, ‘ராஜீவ் காந்தி சிலை ரெண்டு’ என்றே சீட்டு வாங்குகிறார்கள். இந்த இரு சந்திப்புகளுக்கும் இடையே மேம்பாலம் கட்ட 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை நடக்கும் காலத்தில் நூறடிச் சாலையில் வண்டிகள் மாற்று வழியில் திருப்பப்படலாம். வழக்கமான நிறுத்தமும் இடம் மாறலாம்.

தட்டாஞ்சாவடியிலிருந்து

தட்டாஞ்சாவடி உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. பழைய தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் அரசு அலுவலகங்களும் உள்ள பகுதி. காலையில் இங்கே வேலைக்கு வருபவர்களும் இங்கிருந்து ஊருக்குள் போகிறவர்களும் எதிரெதிராகப் பயணம் செய்கிறார்கள். ஒரு பக்கம் திண்டிவனம் சாலை, மறுபக்கம் வழுதாவூர் சாலை என்று இரண்டு சாலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இப்பகுதிக்குள்ள வசதி.

ஊருக்குள் போக வேண்டியவர் ராஜீவ் காந்தி சிலை நோக்கி வண்டி போகும் பக்கத்தில் நிற்க வேண்டும். கோரிமேடு, ஜிப்மர் பக்கமிருந்து வரும் நகரப் பேருந்துகள் திண்டிவனம் சாலையில் அடிக்கடி வருகின்றன. தனியார் வண்டிகள் கை காட்டினால் நிற்கும். திண்டிவனத்திலிருந்து வரும் விரைவு வண்டிகள் நடுவில் எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை. அவற்றை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

வெளியூர் போக எப்போதும் பேருந்து நிலையம் வரை போக வேண்டும் என்பதில்லை. சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே போகிறவரும் திண்டிவனம் போகிறவரும் ராஜீவ் காந்தி சிலையில் வண்டி மாறலாம். விழுப்புரம் போகிறவர் இந்திரா காந்தி சிலையில் மாறலாம். கடலூர், சிதம்பரம், காரைக்கால் போகிறவர் மட்டும் நிலையம் வரை போகத்தான் வேண்டும். ஒரு சங்கடம் உண்டு. நிலையத்திலேயே நிரம்பிய வண்டி சிலைக்கு வரும்போது நிற்க மட்டுமே இடம் இருக்கும். வெள்ளிக்கிழமை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் உட்கார்ந்து போக நினைப்பவர், எதிர்த்திசையில் போவதானாலும், நிலையம் வரை போய் ஏறுவதே மேல்.

ஐந்து சாலைகள், சாலைக்கு ஒரு குணம்

கடலூர் சாலை நெரிசலுக்குப் பேர் போனது. ஏ.எஃப்.டி. மில் அருகே ரயில்வே கேட் மூடினால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முதலியார்பேட்டை, மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் என்று ஊர்கள் விட்டு விட்டு வருகின்றன. சுண்ணாம்பாறு படகுக் குழாமுக்குப் போகிறவர் நோணாங்குப்பத்தில் இறங்க வேண்டும். பாகூர் இந்தச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடலூர் சுமார் 22 கிலோமீட்டர்.

விழுப்புரம் சாலை வேலைக்குப் போகிறவர்களின் சாலை. நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், அரும்பார்த்தபுரம் வழியாக வில்லியனூர். அங்கிருந்து திருபுவனை தொழிற்பேட்டை, மதகடிப்பட்டு, பிறகு விழுப்புரம். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். விழுப்புரம் ரயில் சந்திப்பில் தென்மாவட்ட ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் இதுதான் வழி. அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடியும் இந்தப் பக்கமே.

வழுதாவூர் சாலையில் மேட்டுப்பாளையம் லாரி முனையம், பால் கூட்டுறவு ஒன்றியமான பாண்லே அமைந்த குரும்பாப்பேட்டை, ஊசுட்டேரி, பத்துக்கண்ணு. இதில் வண்டிகள் மற்றச் சாலைகளைவிடக் குறைவு. திரும்பி வரும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது இந்தச் சாலைப் பயணிகளின் வழக்கம்.

திண்டிவனம் சாலையின் முதல் சில கிலோமீட்டர்தான் நகரிலேயே அதிகம் பேர் பயணம் செய்யும் தடங்களில் ஒன்று. காரணம் ஜிப்மர். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964-இல் இன்றைய பெயரைப் பெற்ற இந்த மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து விடியற்காலையிலேயே ஆட்கள் கிளம்பி வருகிறார்கள். புறநோயாளிச் சீட்டு காலையிலேயே வாங்க வேண்டியிருப்பதால், ராஜீவ் காந்தி சிலைக்கும் ஜிப்மருக்கும் இடையில் காலைக் கூட்டம் தாங்காது. திண்டிவனம் வழியாக வருகிறவர் நகருக்குள் வரத் தேவையே இல்லை. வண்டி ஜிப்மர் வாசலைக் கடந்துதான் வரும். கடலூர் பக்கமிருந்து வருபவர் நிலையத்தில் இறங்கி, கோரிமேடு வண்டி மாற வேண்டும். எல்லையைத் தாண்டினால் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோடு, கிளியனூர், திண்டிவனம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொக்கு பார்க், லதா ஸ்டீல், சிவாஜி சிலை என்று நிறுத்தங்களுக்கு அடையாளங்களே பெயர். லாஸ்பேட்டைக் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர்களின் கூட்டம் இங்கே அதிகம். காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகமும், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உள்ளன. காலாப்பட்டு நகரப் பேருந்துகள் அண்ணா சாலை, அஜந்தா சிக்னல், முத்தியால்பேட்டை வழியாகப் போகும். சென்னை வண்டிகள் ராஜீவ் காந்தி சிலை வழியாகப் போகும். முத்தியால்பேட்டையில் இறங்க வேண்டியவர் சென்னை வண்டியில் ஏறினால் ஊரைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆரோவில் போகிறவர் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும்.

சென்னை வண்டிகளின் பலகையில் ‘ஈ.சி.ஆர்.’ (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்றும் ‘திண்டிவனம்’ என்றும் இரண்டு வழி இருப்பதைக் கவனிக்க வேண்டும். மரக்காணம், கல்பாக்கம், மாமல்லபுரம் போகிறவருக்கு முதலாவது; மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் போகிறவருக்கு இரண்டாவது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு சென்னையில் போய்ச் சேரும் இடமும் வழிக்கு வழி வேறுபடுகிறது. வண்டி எந்த நிலையத்தில் போய் நிற்கும் என்பதை ஏறுமுன் கேட்க வேண்டும்.

கடற்கரைக்கு வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பழைய பிரெஞ்சு நகரைச் சுற்றி புல்வார் சாலைகள் ஓடுகின்றன. அதற்குள் இருக்கும் குறுந்தெருக்களில் பேருந்து நுழைவதில்லை. அஜந்தா சிக்னலிலோ அண்ணா சாலையிலோ இறங்கி நடப்பதே வழி. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்குத் தடை. நடப்பவர்களுக்கு அது வசதி.

ஏறுவது, உட்காருவது, சீட்டு வாங்குவது

நகரப் பேருந்தில் பெண்கள் முன்படியிலும் ஆண்கள் பின்படியிலும் ஏறுவது பொதுவான வழக்கம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கிய இருக்கைகளின் மேலே எழுதியிருக்கும். நிலையத்தில் சன்னல் வழியாகத் துண்டையோ கைக்குட்டையோ பையையோ போட்டு இடம் பிடிப்பது ஊரறிந்த பழக்கம். சட்டம் அதை ஏற்கவில்லையென்றாலும், துண்டு கிடக்கும் இடத்தில் உட்கார யாரும் துணிவதில்லை.

வண்டி கிளம்பியதும் நடத்துநர் வருவார். கட்டணம் ‘ஸ்டேஜ்’ கணக்கில். வழித்தடத்தைச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பல கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஏறிய கட்டத்திலிருந்து இறங்கும் கட்டம் வரை எண்ணிக் கட்டணம் போடப்படும். ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று நிறுத்தங்கள் இருக்கலாம். அவற்றில் எதில் இறங்கினாலும் கட்டணம் ஒன்றே. ஒரு நிறுத்தம் முன்னால் நடந்து போய் ஏறினால் கட்டணம் குறைவதும் இதனால்தான். சில வண்டிகளில் கையடக்க இயந்திரம் சீட்டை அச்சடித்துத் தரும். சில தனியார் வண்டிகளில் இன்னும் நிறம் நிறமான சீட்டுக்கட்டிலிருந்து கிழித்துக் கொடுக்கிறார்கள்.

சில்லறை பெரிய பிரச்சினை. பத்து, இருபது ரூபாய்த் தாள்களோடு போகிறவருக்குப் பயணம் நிம்மதி. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் பாக்கித் தொகையைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே அந்தச் சீட்டைக் காட்டிப் பாக்கியை வாங்க வேண்டும். கூட்டத்தில் மறந்து இறங்கிவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். சீட்டை இறங்கும்வரை பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். பரிசோதகர் ஏறிக் கேட்கும்போது சீட்டு இல்லையென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆவது பிரிவின்படி 500 ரூபாய் வரை அபராதம். பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்காத நடத்துநருக்கும் அதே பிரிவில் தண்டனை உண்டு. அதனால் சீட்டைக் கேட்டு வாங்குவது பயணியின் உரிமை.

எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாதவர் சீட்டு வாங்கும்போதே ‘நிறுத்தம் வந்தா சொல்லுங்கண்ணே’ என்று சொல்லி வைப்பது நல்லது. ஊர்ப்பெயரைவிட, சிலை, திரையரங்கு, சிக்னல், மருத்துவமனை என்று அடையாளம் சொன்னால் உடனே புரியும். நடத்துநர் விசிலை ஒருமுறை நீளமாக ஊதினால் நிறுத்த வேண்டும் என்று பொருள். இரண்டு முறை ஊதினால் கிளம்பலாம். இரண்டாவது விசில் கேட்ட பிறகு இறங்க முயல்வதுதான் பல விபத்துகளுக்குக் காரணம். படிக்கட்டிலும் கூரையிலும் பயணம் செய்வதை அதே சட்டத்தின் 123-ஆவது பிரிவு தடை செய்கிறது. தனியார் வண்டிகளுக்கிடையே நேரப்போட்டி இருப்பதால், முன்னால் போகும் வண்டியை முந்தும் வேகத்தில் நிறுத்தத்தில் முழுமையாக நிற்காமல் ஊர்ந்தபடியே ஆள் ஏற்றுவதும் நடக்கும். வண்டி முழுமையாக நிற்கும்வரை படியில் கால் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

கூட்டம், திருவிழா, மழை

காலை எட்டரை முதல் பத்து வரையும் மாலை நாலரை முதல் ஏழு வரையும் எல்லாத் தடங்களிலும் நெரிசல் நேரம். மாணவர்களுக்கென்று அரசு தனிப் பேருந்துகளையும் விடுகிறது. குறைந்த கட்டணத்தால் ‘ஒரு ரூபாய் பஸ்’ என்று பெயர் வாங்கியவை அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும். அன்று நகரின் நடுப்பகுதியில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் நாளன்று கடலூர் சாலையில் நெரிசல் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அரியாங்குப்பம் தாண்டிப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மாசி மகத்தன்று கடற்கரைப் பக்கம் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் வருவதால் முத்தியால்பேட்டைப் பக்கம் போக்குவரத்து மாற்றி விடப்படும்.

வடகிழக்குப் பருவமழையில் இந்திரா காந்தி சதுக்கத்தில் தண்ணீர் தேங்குவது ஆண்டுதோறும் வரும் செய்தி. சங்கராபரணி ஆற்றில் வீடூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் ஆற்றைக் கடக்கும் தாழ்வான பாதைகள் மூடப்படும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. இப்படிப்பட்ட நாட்களில் பேருந்து ஓடுகிறதா என்பதை நிலையத்திலோ நடத்துநர்களிடமோ நேரில் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வெளியூர்ப் பயணமும் இரவுப் பயணமும்

பி.ஆர்.டி.சி. வண்டிகள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களுக்கும், புதுச்சேரியின் பிற பகுதிகளான காரைக்காலுக்கும் மாஹேவுக்கும் ஓடுகின்றன. காரைக்கால் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், சீர்காழி வழி. கேரளக் கடற்கரையில் உள்ள மாஹே 600 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே ஆட்சிப் பகுதிக்குள் நடக்கும் பயணம்தான், ஆனால் இடையில் இரண்டு மாநிலங்களைக் கடக்க வேண்டும். தொலைதூர வண்டிகளுக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு. பொங்கல், தீபாவளி, தொடர் விடுமுறை நாட்களில் முன்பதிவில்லாமல் கிளம்புவது வீண் அலைச்சல்.

‘நடுவில் நிற்காது’ என்ற பொருளில் ‘பாயிண்ட் டு பாயிண்ட்’, ‘பைபாஸ் ரைடர்’ என்ற பலகைகள் சில வண்டிகளில் இருக்கும். கட்டணம் கூடுதல், வேகம் அதிகம், இடையூர்களுக்கு ஆள் ஏற்ற மாட்டார்கள். கிளியனூருக்கோ மரக்காணத்துக்கோ போகிறவர் இந்தப் பலகையைப் பார்த்தால் ஏறாமல் விடுவது நல்லது.

இரவு ஏற ஏற நகரப் பேருந்துகள் குறைந்துகொண்டே வரும். வெளியூரிலிருந்து நள்ளிரவில் நிலையத்துக்கு வருகிறவர்கள் தட்டாஞ்சாவடிக்கோ லாஸ்பேட்டைக்கோ ஆட்டோவில்தான் போக வேண்டும். ஆட்டோக்களில் மீட்டர் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ள வேண்டும். திண்டிவனம் வழியாகச் சென்னையிலிருந்து வருகிறவர் நிலையம் வரை போகாமல் கோரிமேட்டிலோ ராஜீவ் காந்தி சிலையிலோ இறங்கினால் ஆட்டோச் செலவு பெருமளவு குறையும். பகலில் இதே வேலையைக் குறைந்த கட்டணத்தில் செய்பவை டெம்போக்கள். பல பேர் சேர்ந்து ஏறும் இந்த மூன்று சக்கர வண்டிகள் குறிப்பிட்ட தடத்தில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். பேருந்து வராத இடைவெளியை இவைதான் நிரப்புகின்றன.

சென்னையில் 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் வசதி வந்தது. புதுச்சேரி நகரப் பேருந்தில் பெரும்பகுதி தனியாரிடம் இருப்பதால், வண்டி எங்கே வருகிறது என்பதைக் கைபேசியில் பார்ப்பது இங்கே எளிதல்ல. நிறுத்தத்தில் நிற்கும் பழைய பயணியும் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரும் சொல்லும் தகவல்தான் கால அட்டவணை.

குறை சொல்ல வேண்டியிருந்தால்

அதிகக் கட்டணம், நிறுத்தாமல் போவது, தரக்குறைவான பேச்சு, அபாயமான வேகம் ஆகியவற்றுக்கு எதிராகப் புகார் செய்யலாம். வண்டி யாருடையது என்பதை வைத்தே புகாரின் முகவரி அமையும். பி.ஆர்.டி.சி. வண்டியானால் அந்தக் கழகத்துக்கு. தமிழ்நாட்டு வண்டியானால் விழுப்புரம் கோட்டத்துக்கு. தனியார் வண்டியானால் அனுமதி வழங்கும் போக்குவரத்துத் துறைக்கு. புதுச்சேரியின் போக்குவரத்துத் துறை அலுவலகம் முதலியார்பேட்டை நூறடிச் சாலையில் உள்ளது. பதிவெண், வழித்தடம், தேதி, நேரம், பயணச்சீட்டு ஆகியவை இருந்தால்தான் விசாரணை நடக்கும். பொருளைத் தவறவிட்டவருக்கும் உதவுவது இதே விவரங்கள்தான். சீட்டில் உள்ள எண்ணை வைத்தே வண்டியையும் நடத்துநரையும் கண்டுபிடிக்க முடியும். பேருந்து தடத்தின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, அது வரும்வரை நிலையத்தில் காத்திருந்து பையை மீட்டுக்கொண்டவர்கள் உண்டு.